கணினியிடம் சொன்ன ஒரு பொய்

சில பொய்களுக்கு வள்ளுவரே விலக்கு கொடுத்திருக்கிறார். குற்றமில்லாத நன்மை விளையும் என்றால் அந்தப் பொய்யும் உண்மையோடு சேர்த்தி. மனிதர்களுக்குச் சொன்ன இந்த விதி கணினிக்குப் பொருந்துமா? பொருந்துகிற ஓர் இடம் இருக்கிறது.

இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளலாம். கையில் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய மெலிதான மடிக்கணினி. 4 கிகாபைட் நினைவகம், உள்ளே லினக்ஸ். புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒப்படைக்க இன்னும் இரண்டு வாரம்.

ஒருநாள் இரவு, முந்தின வாரம் சுருக்கி வைத்த ஜிப் கோப்பு திறக்கவில்லை. கோப்பில் பிழை என்கிறது. மறுநாள் கம்பைலர் பாதியில் விழுந்தது. அதே நிரலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. வைரஸ் என்றான் அறைத்தோழன். வன்தட்டு போய்விட்டது என்றான் எதிர் அறைக்காரன். லினக்ஸ் போட்டாலே இப்படித்தான் என்றான் மூன்றாமவன். (எல்லா விடுதியிலும் இப்படி ஒருவன் இருப்பான்!)

மூன்று பேர் சொன்னதும் தவறு. கெட்டுப்போனது நினைவகம்.

சத்தமில்லாத நோய்

வன்தட்டு கெட்டால் பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது அடையாளம் தெரியும். மின்விசிறி கெட்டால் சூடு சொல்லும். நினைவகத்தில் ஒரு மூலை மட்டும் கெட்டால் எதுவும் சொல்லாது. கோடிக்கணக்கான சின்ன அறைகளில் ஒன்று, தன்னிடம் வைத்த 0-ஐ 1 என்று திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஒரு சின்ன உதாரணம் போதும். யூனிகோடில் 'அ' என்ற எழுத்தின் எண்ணுக்கும் 'இ' என்ற எழுத்தின் எண்ணுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். அது புரண்டால் "அவன்" என்று எழுதியது "இவன்" ஆகிவிடும். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள்கூடக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். அட்டவணையில் 35 என்று இருக்கும் மதிப்பெண்ணில் 32-க்கு உரிய பிட் அணைந்தால் மிச்சம் 3. தேறியவன் தோற்றுவிடுவான், யாரும் எதையும் தொடாமலே!

இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடக்கிற அதிசயமும் இல்லை. கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவக அட்டைகளில் பிழை தென்பட்டது. ஆனால் சர்வர்களில் இருப்பது ஈசிசி வகை நினைவகம். ஒரு பிட் புரண்டால் அதுவே கண்டுபிடித்துத் திருத்திவிடும். மாணவர் கையில் இருக்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பிழை வரும், போகும், வந்ததே தெரியாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. லினக்ஸ் கோப்புகளைப் படிக்கும்போதும் எழுதும்போதும் அவற்றை முதலில் நினைவகத்தில்தான் வைத்துக்கொள்கிறது. கெட்ட அறையில் உட்கார்ந்த பக்கம், சேமிக்கும்போது அப்படியே வன்தட்டுக்குப் போகும். பத்திரப்படுத்துகிறேன் என்று நினைத்து பென்டிரைவில் பிரதி எடுத்தால் அந்தப் பிரதியும் அதே வழியாகத்தான் போக வேண்டும். சேமிக்கச் சேமிக்கக் கெடும்.

கடைக்காரர் சொன்ன தீர்ப்பு

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. இயங்குதளம் எதுவும் எழுவதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து தானே எழுந்து, நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதிப் படித்துப் பார்க்கும். மாணவன் அதை இரவு முழுக்க ஓடவிட்டான். காலையில் திரையில் சிவப்பு வரிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம்: 1900 மெகாபைட்டைத் தாண்டிய சில நூறு கிலோபைட். மற்ற இடமெல்லாம் சுத்தம்.

சர்வீஸ் கடைக்குப் போனான்.

"ராம் மட்டும் மாத்த முடியாதா அண்ணே?"

"இதுல ராம் தனியா இல்ல தம்பி, போர்டுலயே வச்சு பத்தவச்சிருக்கான். போர்டைத்தான் மாத்தணும். அந்தக் காசுக்கு இன்னொரு செகண்ட் ஹாண்டே வாங்கிடலாம்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பழைய கணினிகளில் நினைவக அட்டையை உருவி வேறு சொருகலாம். இன்றைய மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். 4096 மெகாபைட்டில் ஒரு மெகாபைட் கெட்டதற்காக மொத்தக் கணினியையும் குப்பைக்கு அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். கெர்னலிடம் ஒரு பொய் சொன்னால் போதும்.

கெர்னலுக்கு யார் சொல்வது?

தன்னிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பது கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-ஐப் பிரித்துப் பார்த்தால், நினைவகத்தின் அளவு கெர்னலின் கட்டமைப்புக் கோப்பிலேயே கையால் எழுதப்பட்டிருக்கும். இரண்டே இரண்டு கணினிகளுக்கான அமைப்புதான் அதில் உண்டு. லினஸின் கணினி என்றால் 8 மெகாபைட், மற்றது என்றால் 4 மெகாபைட். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கம்பைலரே பிழை சொல்லி நின்றுவிடும். கூடுதலாக நினைவகம் வாங்கியவர் கோப்பைத் திருத்தி, கெர்னலை மறுபடி தொகுக்க வேண்டும்.

பிறகு பயாஸிடம் கேட்கும் வழக்கம் வந்தது. ஆனால் பழைய பயாஸ் அழைப்பு ஒன்று, பதிலை 16 பிட் எண்ணில் கிலோபைட் கணக்கில் சொல்லும். அந்த எண்ணில் அடங்கக்கூடிய பெரிய அளவு 65,535. அதாவது ஏறக்குறைய 64 மெகாபைட். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆசை ஆசையாக 128 மெகாபைட் வாங்கிப் போட்டவர்கள், லினக்ஸில் 64 மட்டுமே தெரிவதைப் பார்த்துக் குழம்பினார்கள். அப்போது கைகொடுத்தது 'மெம்' என்ற கெர்னல் அளபுரு. லைலோ என்ற பூட் லோடரின் கோப்பில் "மெம்=128எம்" என்று ஒரு வரி சேர்த்தால் கெர்னல் மனிதன் சொன்னதை நம்பும்.

அந்தக் காலத்து ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே கதைதான். கெர்னல் கட்டமைப்புக் கோப்பில் 'மேக்ஸ்மெம்' என்ற பெயரில் கிலோபைட் கணக்கில் எழுதித் தொகுக்க வேண்டும். பின்னாளில் தொகுக்கும் வேலை இல்லாமல், லோடர் கோப்பில் ஒரு வரி எழுதினாலே போதும் என்று ஆனது.

அடுத்து வந்தது இ820 என்ற பயாஸ் அழைப்பு. இது மொத்த அளவை மட்டும் சொல்லாது, வரைபடமே கொடுக்கும். இங்கிருந்து இதுவரை பயன்படுத்தலாம், இது பயாஸுக்கு ஒதுக்கியது, இது வேறு வேலைக்கு என்று பட்டா போட்ட மாதிரி பிரித்துச் சொல்லும். இன்று யூஇஎஃப்ஐ வந்த பிறகும் வேலை அதேதான். லினக்ஸ் எழும்போது வரும் செய்திகளில் இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். வரைபடம் கொடுப்பவருக்கு நிலத்தின் அளவு தெரியும். அதில் எந்த மூலையில் புதைகுழி இருக்கிறது என்பது தெரியாது.

குறைத்துச் சொல்வதன் லாபம்

முதலில் கூட்டிச் சொல்லத்தான் 'மெம்' அதிகம் பயன்பட்டது. ஆனால் குறைத்துச் சொல்லவும் காரணங்கள் இருந்தன. 1997இல் வந்த இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் ஒரு நல்ல உதாரணம். அதில் 64 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் போட முடியும். ஆனால் முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டும்தான் கேஷ் வசதி வேலை செய்யும். அதற்கு மேலே போன நிரல்கள் நொண்டியடிக்கும். கூடுதலாகக் காசு கொடுத்து நினைவகம் வாங்கியவரின் கணினி வேகம் குறைந்தது! லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களிலேயே இந்தச் சிக்கல் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சொல்லப்பட்ட மருந்தும் அதே 'மெம்'.

இன்றைய x86 கணினிகளில் 'மெம்' இன்னும் பணிவாகிவிட்டது. இல்லாத நினைவகத்தை இருப்பதாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாது. சொன்ன முகவரிக்கு மேலே உள்ளதை வரைபடத்திலிருந்து வெட்டிவிடும், அவ்வளவுதான். மனிதன் கூட்டிச் சொல்லும் பொய்யை நம்பாது. குறைத்துச் சொல்லும் பொய்யை மட்டும் நம்பும்.

மாணவனின் பிரச்சினை 1900 மெகாபைட்டில் தொடங்குகிறது. ஆகவே "மெம்=1800எம்". எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி கூடாது. 'எம்' என்றால் மெகாபைட், 'ஜி' என்றால் கிகாபைட்.

இதை எடுத்த எடுப்பில் கோப்பில் எழுதிவிடக் கூடாது. கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு மட்டும் கெர்னல் வரியைத் திருத்தலாம். எண்ணில் தவறு செய்து, கெர்னல் எழ முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டாலும் பயமில்லை. மறுபடி தொடங்கினால் பழையபடி வந்துவிடும். எழுந்த பிறகு 'ஃப்ரீ' கட்டளை கொடுத்து அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால்தான் கிரப்பின் கட்டமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி, கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

மாணவன் அன்றிரவு அதைத்தான் செய்தான். செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் புராஜெக்ட்டைப் பென்டிரைவில் பிரதி எடுத்தான். இந்த வரிசை முக்கியம். கெட்ட இடத்தை அடைத்த பிறகு எடுத்த பிரதியைத்தான் நம்பலாம்.

கோடாரியும் கத்தியும்

கணக்குப் பார்த்தால் இது கொஞ்சம் கொடுமை. ஒரு மெகாபைட்டுக்காக 2296 மெகாபைட்டை இழந்தாயிற்று. பாதிக்கும் மேல்! உலாவியில் நாலு தாவல் திறந்தாலே மடிக்கணினி மூச்சு வாங்கியது. 'மெம்' ஒரு கோடாரி. மேலிருந்து வெட்டத்தான் தெரியும். நடுவில் கெட்டால் அதற்கு மேலே இருக்கும் நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிடும். இன்னொரு சிக்கல், வெட்டப்பட்ட அந்த இடம் காலி மனை என்று நினைத்து ஏதாவது பிசிஐ சாதனத்துக்கு அந்த முகவரி கொடுக்கப்பட்டுவிடலாம். அதனால்தான் கெர்னல் ஆவணமே வேறொரு அளபுருவைப் பரிந்துரைக்கிறது: 'மெம்மேப்'.

இது கத்தி. எவ்வளவு, எங்கிருந்து என்று இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு டாலர் குறி. "1எம்", டாலர், "1900எம்" என்றால், 1900ஆவது மெகாபைட்டிலிருந்து ஒரு மெகாபைட்டை ஒதுக்கி வை, யாருக்கும் கொடுக்காதே என்று பொருள். கெர்னல் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்துத்தான் கையாள்கிறது. 4 கிகாபைட்டில் இப்படி 10,48,576 பக்கங்கள். ஒதுக்குவது வெறும் 256.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கிரப்பின் கட்டமைப்புக் கோப்பில் டாலர் குறிக்கு வேறு பொருள் உண்டு. முன்னால் பின்சாய்வுக் கோடுகள் போட்டுக் காப்பாற்றாவிட்டால் குறி விழுங்கப்பட்டு, வேறு ஏதோ அர்த்தத்தில் கெர்னலுக்குப் போய்ச்சேரும். கணினி எழாமலேகூடப் போகலாம். இதையும் முதலில் கிரப் பட்டியலிலேயே திருத்திச் சோதிப்பதுதான் நல்லது. எழுந்த பிறகு, கெர்னலுக்கு உண்மையில் போன வரி எது என்பதைப் 'ப்ராக்' அடைவில் இருக்கும் 'சிஎம்டிலைன்' கோப்பில் படித்துக்கொள்ளலாம்.

இந்த யோசனை புதிதும் இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரைன், 2000ஆம் ஆண்டையொட்டி 'பேட்ராம்' என்ற கெர்னல் ஒட்டு ஒன்றை எழுதினார். கெட்ட முகவரிகளின் வடிவத்தைக் கொடுத்தால் அந்தப் பக்கங்களை மட்டும் கெர்னல் தவிர்த்துவிடும். அந்த ஒட்டு அதிகாரப்பூர்வ கெர்னலில் சேரவே இல்லை. ஆனால் அதன் வடிவத்தில் முடிவைத் தரும் வசதி மெம்டெஸ்டில் வந்தது. கிரப்பிலும் அதே பெயரில் ஒரு கட்டளை வந்தது. விண்டோஸிலும் கெட்ட பக்கங்களின் பட்டியல் கொடுக்க வழி உண்டு.

விண்டோஸ் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எம்எஸ்கான்ஃபிக்கில் "அதிகபட்ச நினைவகம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வேகம் கூடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது குறைப்பதற்கான கட்டம். வேகத்துக்காக அதைத் தொடுகிறவர், காரணமில்லாமல் தன் காலைத் தானே கட்டிக்கொள்கிறார்.

எது முடியாது?

இது சஞ்சீவி மருந்து இல்லை. ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு இதனால் திரும்பி வராது. மாணவனின் ஜிப் கோப்பு போனது போனதுதான். கெட்ட இடம் முகவரியின் அடிப்பகுதியில் இருந்தால் 'மெம்' உதவாது, கெர்னல் தன்னை ஏற்றிக்கொள்ளும் இடத்திலேயே பழுது என்றால் எந்த அளபுருவும் உதவாது. இன்று ஒரு மெகாபைட் கெட்டது நாளை இரண்டு ஆகலாம். அதனால் மாதம் ஒருமுறையாவது மெம்டெஸ்டை ஓடவிட வேண்டும். பிழைகள் ஒரே இடத்தில் இல்லாமல் சுற்றுக்கு ஒரு பக்கம் தாவினால் நோய் நினைவகத்தில் இல்லாமல் சூட்டிலோ மின்சாரத்திலோ இருக்கலாம். அப்போது கடைக்காரர் சொன்னதுதான் சரி.

பெரிய சர்வர்களில் இந்த வேலையைக் கையால் செய்ய வேண்டியதில்லை. ஈசிசி நினைவகம் பிழையைக் காட்டிக்கொடுத்ததும், கெட்ட பக்கத்தைப் புழக்கத்திலிருந்து நீக்கும் வசதி 2009இல் வந்த லினக்ஸ் 2.6.32-இலேயே சேர்ந்துவிட்டது. அந்த வசதி இல்லாத ஏழைக் கணினிக்கு அதே வேலையை ஒரு மனிதன் உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வராமல் வந்த பாடம்

கோடாரியோடு கழித்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. 1800 மெகாபைட்டில் மாணவனின் சொந்த புராஜெக்ட்டே ஓடவில்லை. ஒரு பெரிய கோப்பை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்கும். இடம் தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து அதைக் கொன்றுவிட்டது. 4 கிகாபைட்டில் இருந்தவரை அந்தத் தவறு கண்ணில் படவே இல்லை. வேறு வழியில்லாமல், கோப்பை வரி வரியாகப் படிக்கும்படி மாற்றி எழுதினான். ஓடியது. முன்பைவிடச் சீக்கிரமாகவே ஓடியது.

நிறைய நினைவகம் உள்ளவர்கள் எழுதும் மென்பொருள், கொஞ்சம் நினைவகம் உள்ளவர்களிடம் போய்த் திணறுவது ஏன் என்பது அப்போதுதான் புரியும். எழுதியவர் அந்த நெருக்கடியில் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை. 16 கிகாபைட் வைத்திருப்பவர்கூட "மெம்=1ஜி" என்று எழுதி ஒருநாள் வேலை பார்க்கலாம். அதற்கு ஒரு காசு செலவில்லை. கணினி முழுவதையும் குறைக்க வேண்டாம் என்றால், ஒரு நிரலுக்கு மட்டும் உச்சவரம்பு வைக்கும் சிகுரூப் வசதி 2008 முதலே லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது.

புராஜெக்ட் ஒப்படைத்தாயிற்று. கத்தி வைத்து ஒரு மெகாபைட்டை ஒதுக்கிய பிறகு மடிக்கணினி மிச்சம் இருந்த நினைவகத்தோடு நிம்மதியாக ஓடுகிறது. கம்பைலர் காரணமில்லாமல் விழுவதில்லை.

இப்போது அந்தப் பொய்க்கு வரலாம். பயாஸ் கெர்னலிடம் சொன்னது: எல்லாம் நல்ல இடம், எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். மாணவன் கெர்னலிடம் சொன்னது: அங்கே மட்டும் வைக்காதே. இரண்டில் எது பொய்? இரவு முழுக்க ஒவ்வோர் அறையாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது மாணவன்தான். பார்க்காமலே சொன்னது பயாஸ்.

குறைவாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரிதான், அந்தக் கணினிக்குள் இருந்த ஒரே உண்மை.